பெயர் பதியப் போன பயணம்

கிளிநொச்சியிலிருந்து ஹட்டனுக்குப் போக ஒரு முழுநாள் வேண்டும். விடியற்காலையில் ஏ-9 வீதியில் பஸ் ஏறினால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டிக்கு வரும்போது மதியம் திரும்பிவிடும். அங்கிருந்து இன்னொரு பஸ். கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை என்று வளைந்து வளைந்து ஏறும். வட்டவளையைத் தாண்டும்போது ஜன்னலை மூடச் சொல்வார்கள். வெளியே மழை, பனிமூட்டம், இருபுறமும் தேயிலை. வன்னி வெயிலில் காய்ந்த உடம்பு அங்கேயே நடுங்கத் தொடங்கிவிடும்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதக் கடைசியில் நான் அந்தப் பாதையில் போனேன். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்து முடிந்திருந்தது. கம்பளைப் பகுதியில் 1823இல் தொடங்கிய கோப்பித் தோட்டத்தை வைத்து அந்த 200 ஆண்டுகளைக் கணக்கிடுகிறார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்துவந்த எங்கள் முன்னோரில் எத்தனையோ பேர் பசியாலும் கொள்ளைநோயாலும் வழியிலேயே இறந்துபோனார்கள். பஸ்சில் இருந்தபடி மாத்தளையைக் கடந்தபோது அந்த நினைவு வந்தது.

நானும் மலையகத்தில் பிறந்தவள்தான். 1977 ஓகஸ்ட் கலவரத்தின் பின் எங்கள் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிப் பக்கம் வந்து குடியேறினார். அப்போது எனக்கு ஏழு வயது. நமது வாசகிகள் பலருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும். 77இலும் 83இலும் பாதுகாப்புத் தேடி மலையிலிருந்து வன்னிக்கு வந்தவர்கள், பின்னர் வன்னியின் யுத்தத்தையும் சேர்த்து அனுபவித்தார்கள்.

அப்பாவின் தங்கை மட்டும் பாட்டியோடு தோட்டத்திலேயே இருந்துவிட்டார். அத்தை என்றாலும் என்னைவிட ஆறு வயதுதான் மூத்தவர். அவருடைய மகள் வீட்டுவேலைக்காக வெளிநாடு போய்விட்டாள். இரண்டு பேரப்பிள்ளைகளை அத்தைதான் பார்க்கிறார். "கொஞ்ச நாளைக்கு வந்து இரு புள்ள, ஒத்தையில முடியல" என்று தொலைபேசியில் கூப்பிட்டார். மூன்று மாதம் இருப்பதாகச் சொல்லிப் புறப்பட்டேன்.

லயத்தில் ஒரு காம்பரா

அத்தையின் தோட்டம் ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாகப் போகும் பாதையில் இருக்கிறது. பிரதான வீதியில் இறங்கி ஓட்டோவில் கொஞ்சத் தூரம், பிறகு கால்நடைதான். தோட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் அங்கே 'கணக்கு' என்பார்கள். அத்தை இருப்பது மேல்கணக்கில். பத்துக் காம்பராக்கள் கொண்ட பழைய லயம். முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, உள்ளே ஓர் அறை, புகை படிந்த அடுப்படி.

காலையில் பெரட்டுக்குப் போகும் பெண்கள் இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். நாள் முடிய கொழுந்து நிறுக்கும்போது குறித்த நிறை இருந்தால் அன்றைக்கு 'பேர்' விழும். குறைந்தால் 'அரைப்பேர்'. பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். நான் போயிருந்தபோது, 2021இல் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1000 ரூபாதான் நாட்சம்பளம். அதன் பிறகு அது கூட்டப்பட்டிருக்கிறது. "பேர் போட்டாச்சா?", "பேர் போச்சா?" என்றுதான் அங்கே பேச்சே தொடங்கும்.

வன்னியில் நாங்கள் பேர் என்று சொல்வது வேறு. இந்தப் பயணத்தில் இரண்டு விதமான பேரும் சேர்ந்துகொண்டதால்தான் இதை எழுதுகிறேன்.

மாத்திரை முடிந்த நாள்

எனக்கு 2009இல் இருந்து பிரஷர் இருக்கிறது. செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோதுதான் முதன்முதல் கண்டுபிடித்தார்கள். மீளக்குடியேறிய பின் ஊரில் கிளினிக்குக்குப் போய்வந்தேன். மலைக்குப் புறப்பட்டபோது கையிலிருந்த மாத்திரையை மட்டும் எடுத்துக்கொண்டேன். கிளினிக் கொப்பி அலுமாரியிலேயே கிடந்தது. அது என்னுடைய பிழை.

இரண்டாவது வாரத்தில் மாத்திரை முடிந்தது. "இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று விட்டுவிட்டேன். ஒரு காலை பீலியடியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு படி ஏறும்போது தலை சுற்றிக் கீழே இருந்துவிட்டேன். அத்தை பயந்துபோய் என்னைத் தோட்டத்து மருந்தகத்துக்குக் கூட்டிப்போனார்.

தோட்டத்து மருந்தகங்களில் பெரும்பாலும் இருப்பவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். தோட்ட வைத்திய உதவியாளர்தான். மக்கள் அவரை 'டொக்டர் ஐயா' என்றே அழைக்கிறார்கள். நாங்கள் போன நாளில் அவர் இருந்தார். முதல் கேள்வியே, "எந்தக் கணக்கு? பேர் இருக்கா?" என்பதுதான். நான் அங்கு பேர் போடுகிறவள் இல்லை. அத்தை முன்னால் வந்து, "என் அண்ணன் மகதாங்க" என்றார். அவர் மனிதாபிமானத்தோடு மூன்று நாள் மாத்திரை தந்து, அரசாங்க வைத்தியசாலைக்கு ஒரு துண்டும் எழுதித் தந்தார்.

துண்டு என்ற சொல்லுக்கு மலையகத்தில் பெரிய வரலாறு உண்டு. ஒரு காலத்தில் தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றத் தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவர் பட்ட கடன் எழுதிய துண்டு வேண்டும். கடனைப் புதிய தோட்டம் ஏற்றுக்கொண்டால்தான் போகலாம். இந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1900களின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்களின் கழுத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டைக் கட்டிவிட்டார்கள். எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று அதைப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகத் தடுத்து வைத்துப் பரிசோதித்த பிறகே கப்பலேற்றினார்கள்.

தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்து கொடுக்க வேண்டும் என்று 1872இலும், பின்னர் 1912இலும் சட்டங்கள் வந்தன. ஆனால் தோட்ட மருத்துவத்தின் அடிப்படை நோக்கம், வேலை செய்யும் கையைக் காப்பாற்றுவதாகவே இருந்தது. ஆகவே "பேர் இருக்கா?" என்ற கேள்வி நேற்று வந்ததல்ல. 1990களிலிருந்து சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது. டிக்கோயாவில் இந்திய உதவியோடு கட்டப்பட்ட 150 கட்டில் வைத்தியசாலைக் கட்டிடம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. அப்படியிருந்தும், லயத்தில் இருக்கும் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி இன்னும் ஒரு நாட்சம்பளத் தூரத்தில்தான் இருக்கிறது.

'பதிவு' என்றால் பயம்

துண்டு கையில் இருந்தும் இரண்டு நாள் நான் போகவில்லை. காரணத்தை அத்தையிடம் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

பதிவு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும். நம்மில் பலருக்கும் அப்படித்தான். 2009இல் எத்தனை இடத்தில் பதிந்தோம். வெளியே வந்தபோது பதிவு, பஸ்சில் ஏற்றும்போது பதிவு, கூடாரத்தில் பதிவு. பெயர் கூப்பிட்டுக் கூட்டிப்போன சிலர் திரும்பி வரவில்லை. அடையாள அட்டையில் கிளிநொச்சி விலாசம். மொழி தெரியாத இடத்தில் அதை நீட்டினால் என்ன கேட்பார்களோ, "ஏன் இங்கே வந்தாய்?" என்பார்களோ என்று மனம் அடித்துக்கொண்டது.

மூன்றாம் நாள் இரவு அத்தை கேட்டுவிட்டார். சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுபத்தேழுல நானும் பாட்டியும் ராத்திரியெல்லாம் தேயிலைக்குள்ள படுத்திருந்தோம் புள்ள. எனக்கும் பயந்தான். நாளைக்கு நான் வாறேன் கூட" என்றார்.

"உங்களுக்குப் பேர் போயிருமே அத்தை."

"போனா போவுது."

வைத்தியசாலையில் ஒரு நாள்

விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டோம். ஏழு மணிக்கு முன்னரே வெளிநோயாளர் பிரிவில் நீண்ட வரிசை. பிள்ளையை முதுகில் கட்டிய தாய், கையில் கட்டுப்போட்ட கங்காணி, சிங்களக் கிராமத்திலிருந்து வந்த வயதான அம்மா என்று எல்லோரும் ஒரே வாங்கில்தான். எதிரில் இருந்த சின்னக் கடையில் ஒரு கொப்பி வாங்கிக்கொண்டோம்.

சாளரத்தில் இருந்தவர் ஒவ்வொருவரிடமும், "அலுத்த? பரணத?" என்று கேட்டார். நான் விழித்தேன். "புதுசா, பழசான்னு கேக்குறாரு" என்றார் அத்தை. நான் "அலுத்" என்றேன். அந்த வரிசையில் நான் பேசிய முதல் சொல் அதுதான்.

அடையாள அட்டையைக் கொடுத்தேன். கை நடுங்கியது. அவர் பெயரையும் வயதையும் பார்த்து எழுதினார், விலாசத்தையும் எழுதினார். ஓர் இலக்கச் சீட்டைத் தந்தார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். எதற்கு வந்தாய் என்று கேட்கவில்லை. எவ்வளவு காலம் இருப்பாய் என்று கேட்கவில்லை. காசும் கேட்கவில்லை. இரண்டு நாள் நான் தூங்காமல் பயந்த விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பிரஷர் பார்த்த மிஸி தமிழ் பேசினார். கொப்பியைப் பார்த்து, "கிளிநொச்சியா? அங்க இப்ப நல்ல வெயிலா இருக்குமே?" என்றார். கிளிநொச்சி என்றதும் ஒருவர் வெயிலைப் பற்றிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை.

பிரஷர் 190க்கு 110 இருந்தது. டொக்டர் முகம் சுளித்தார். என்ன மாத்திரை குடித்தீர்கள் என்று கேட்டார். வெள்ளை நிறம், சின்னது என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. நல்லவேளை, அத்தை என் பையிலிருந்த வெறும் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். அதில் பெயர் இருந்தது. பிரஷர் மாத்திரையை நாமாக நிறுத்தினால் பாரிசவாதம் வரலாம், இதயமும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். வலி இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று நினைக்கக் கூடாது என்றார். ஒரு வாரத்துக்கு மருந்து தந்து, அடுத்த வாரக் கிளினிக்குக்கு வந்து பெயர் பதியச் சொன்னார். ஒரு மருந்து அங்கே கையிருப்பில் இல்லை. வெளியே வாங்க வேண்டியிருந்தது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் தொடங்கிய மருந்துத் தட்டுப்பாடு அப்போதும் முற்றாகத் தீர்ந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் கிளினிக்கில் பெரிய பதிவேட்டில் என் பெயரை எழுதி, இலக்கம் போட்ட கொப்பியைத் தந்தார்கள். அடுத்த திகதியையும் அதிலே குறித்தார்கள்.

அத்தையின் முறை

முதல் நாள் நான் மருந்துக்கு நின்றபோது அந்த மிஸி அத்தையைப் பார்த்து, "நீங்க காட்டலயா?" என்று கேட்டார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. கால் மதமதன்னு இருக்கும், ராத்திரி நாலு தடவ எந்திரிப்பேன். அவ்வளவுதான்" என்றார் அத்தை. மிஸி சிரித்துக்கொண்டே அவரையும் வரிசையில் நிறுத்திவிட்டார்.

விரல் நுனியில் குத்திப் பார்த்தபோது சீனி மிக அதிகம். எத்தனை வருடமாக இருந்ததோ தெரியாது. 59 வயதில், பிள்ளை பெற்ற நாட்களைத் தவிர, தனக்காக ஒரு முறையும் அத்தை ஆஸ்பத்திரிக்குப் போனதில்லை. அட்டை கடித்த புண் ஆறாமல் இருந்ததை மழைக்காலத்துப் புண் என்றே நினைத்திருந்தார். வெறும் வயிற்றில் இரத்தப் பரிசோதனை செய்ய வரச்சொன்னார்கள். கிளினிக்கில் எனக்குப் பின்னால் அவருடைய பெயரும் பதியப்பட்டது.

அதிலும் ஒரு சிக்கல். அத்தையின் அடையாள அட்டையில் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு இருக்கிறது. பிறப்புச் சான்றிதழில் வேறு விதம். தோட்டத்தில் பிறந்த பலருக்கு இந்தப் பிரச்சினை உண்டு. "அட்டையில் உள்ளபடியே எல்லா இடத்திலும் சொல்லுங்கள், அப்போதுதான் கொப்பியும் பரிசோதனை முடிவும் ஒன்றாக இருக்கும்" என்று எழுதுவினைஞர் சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் திரும்பி வரும்போது பஸ்சில் அத்தை தன் கொப்பியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். "இன்னைக்கு மலையில பேரு போச்சு. ஆஸ்பத்திரியில பேரு விழுந்திருச்சு" என்றார். இருவரும் சிரித்துவிட்டோம்.

புதிதாகப் பதியப் போகும் சகோதரிகளுக்கு

இடம் மாறி வாழும் பெண்களுக்காக, நான் பட்டுத் தெரிந்துகொண்ட சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

லண்டனில் இருக்கும் எங்கள் உறவினர்கள், குடியிருக்கும் பகுதியில் உள்ள டொக்டரிடம் படிவம் நிரப்பிப் பதிந்துகொள்ள வேண்டும். அடையாள அட்டை இல்லை என்பதற்காக அங்கேகூடப் பதிய மறுக்கக் கூடாது என்பது விதி. நமது நாட்டில் அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு எந்த ஊரவரும் போகலாம். சொந்த ஊர் எது, தோட்டத்தில் பேர் இருக்கிறதா என்பது அங்கே கேள்வி அல்ல. சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை.

போகும்போது அடையாள அட்டை, பழைய கிளினிக் கொப்பி, வைத்தியசாலையில் தங்கியிருந்தால் அங்கு தந்த நோய் விவர அட்டை, குடிக்கும் மாத்திரைகளின் வெற்று அட்டை ஆகியவற்றைக் கொண்டு போங்கள். கொப்பி தொலைந்துவிட்டால் பயப்பட வேண்டாம். தொலைந்தது என்று சொல்லுங்கள், புதிதாகத் தொடங்குவார்கள். ஏதாவது மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் அதைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். சில மாதங்களுக்கு வேறு ஊர் போவதானால், புறப்படும் முன்னர் உங்கள் கிளினிக்கில் சொல்லி ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் செய்திருந்தால் எனக்கு இந்த அலைச்சல் வந்திராது.

மொழி விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதப்பட்டிருக்கிறது. எந்த மருந்தை எத்தனை மணிக்குக் குடிப்பது என்பதை விளங்கிக்கொள்ளாமல் வீடு திரும்பாதீர்கள்.

35 வயது தாண்டியவர்களுக்குப் பிரஷர், சீனி ஆகியவற்றை இலவசமாகப் பார்க்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011 முதல் அரசாங்க வைத்தியசாலைகளில் தொடங்கப்பட்டன. நோய் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கருப்பைக் கழுத்து, மார்பு ஆகியவற்றைப் பரிசோதிக்கும் பெண்களுக்கான கிளினிக் பற்றி உங்கள் பகுதிக் குடும்பநல மாதுவிடம் கேளுங்கள். கருத்தரித்திருந்தால் எட்டு வாரத்துக்குள் அவரிடம் பதிவது நல்லது. வீட்டில் அடி உதைபடும் பெண்களுக்காகப் பல வைத்தியசாலைகளில் 'நட்பு நிலையம்' என்ற பிரிவு இருக்கிறது. பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. மனம் தாங்க முடியாமல் போனால் 1926க்குப் பேசலாம். அவசரத்துக்கு இலவச அம்புலன்ஸ் 1990. கடைசி இலக்கத்தை அத்தையின் கதவில் கரியால் பெரிதாக எழுதிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் முடிந்து கிளிநொச்சிக்குத் திரும்பும்போது, அந்தக் கிளினிக்கில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு வந்தேன். இப்போது பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அத்தை மாதம் ஒரு முறை போகிறார். அன்றைக்கு அவருக்குப் பேர் இல்லை. அந்த இழப்புக்கு ஒரு வழி பிறக்க வேண்டும். தோட்டத்திலேயே மாதம் ஒரு கிளினிக் நடந்தால், அல்லது கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் கிடைத்தால், எத்தனையோ பெண்கள் தங்கள் நோயை நேரத்தோடு அறிந்துகொள்வார்கள். பெண்கள் சங்கங்கள் இதைக் கேட்க வேண்டும்.

யாரோ நம்மை எண்ணிக் கணக்கு வைப்பதற்காக எத்தனையோ தடவை பெயர் கொடுத்தோம். நமது உடம்புக்காக ஒரு தடவை கொடுப்போம். சென்ற வாரம் தொலைபேசியில், "கால் புண் ஆறிருச்சு புள்ள" என்றார் அத்தை.